ஊமைப் பிள்ளையார்

குக்கர் மூடியைத் திருகி மூடிய பிறகுதான் யுவராணி வாயைத் திறந்தாள். அதுவரை கடைக்கு வந்த பெண்ணிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டியதோடு சரி.

“இனிப் பேசலாமுங்க. குக்கருக்குள்ள அலை போகாது. உள்ள இருந்து உங்க போன் ஆருகிட்டயும் எதுவும் சொல்ல முடியாது.”

“எத்தன நேரத்துக்குங்க?”

“சிக்னல் இல்லாத எடம்னு கொஞ்ச நேரம் பொறுத்துக்கும். பொறவு உங்க குடும்பத் தலைவருக்குச் சேதி போயிரும். அதுக்குள்ள முடிக்கோணும்.”

வந்தவள் பெயர் சஷ்டிகா. முப்பது வயது இருக்கலாம். வலது கையை மேசைமேல் வைத்திருந்தாள். முழங்கை முழுக்க நீளாமல் மடங்கியே கிடந்தது. யுவராணி அதைப் பார்த்தாள், கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை.

காந்திபுரத்துக் குறுக்குச் சந்து ஒன்றில் இருந்தது கடை. பலகையில் ‘யுவி மொபைல்ஸ், டிஸ்ப்ளே மாற்றித் தரப்படும்’ என்ற வரியும் ஒரு போன் நம்பரும் மட்டும் எழுதியிருக்கும். மற்ற வேலையைப் பலகையில் எழுத முடியாது.

எல்லாப் போனிலும் ‘துணை’ வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. போனோடு சேர்ந்தே வரும், கழற்ற முடியாது. ‘கேட்டால் சொல்லும்’ என்பது அதன் விளம்பரம். பையன் டியூஷனுக்குப் போனானா, அப்பா மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று சொல்லும். யார் யாரோடு இருக்கிறார்கள், குரலில் இருப்பது கோபமா பயமா, பேசியது நிஜமா பொய்யா என்றும் சொல்லும். யார் கேட்டால் சொல்லும் என்பதில்தான் சங்கதியே இருந்தது. எவர் பெயரில் திட்டம் வாங்கியிருக்கிறதோ அவர்தான் குடும்பத் தலைவர். ரேஷன் கார்டில் கிடந்த வார்த்தையைக் கம்பெனிக்காரன் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டான். நம் ஆட்களுக்கும் அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

துணை இல்லாத ஓர் அமைப்பை எங்கெங்கோ உட்கார்ந்திருந்த சில பேர் சம்பளமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். போனைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு அதை ஏற்றினால் போன் வாயை மூடிக்கொள்ளும். அவர்கள் வைத்த பெயர் என்னவோ, சந்தில் அதற்கு ‘ஊமை’ என்று பெயர். ஊமை போட்ட போனில் பேங்க் திறக்காது, பஸ்ஸில் டிக்கெட் எடுக்க முடியாது, ஆஸ்பத்திரியில் டோக்கன் விழாது. அதெல்லாம் தெரிந்தும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள்.

“நான் சிரிச்சா எதுக்குச் சிரிச்சேன்னு அது அவருக்குச் சொல்லிருங்க,” என்றாள் சஷ்டிகா. “ரெண்டு தடவ வீட்ட விட்டுப் போனேன். ரெண்டு தடவயும் நான் பஸ்ஸ விட்டு எறங்கறப்ப அவர் எனக்கு முன்னாடி ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தார். ரெண்டாவது தடவதான் இந்தக் கை.”

“போனையே தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கலாமுங்களே.”

“போன் இல்லாத பொம்பளய எந்த லாட்ஜுல விடறாங்க, எந்தக் கம்பெனியில வேலைக்கு வெச்சுக்கறாங்க? கையில ஏதாச்சும் ஒண்ணு இருந்தாத்தான் மனுசின்னு நம்பறாங்க.”

அது நிஜம்தான். யுவராணி குக்கரைத் திறந்தாள். போன் அலையைப் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அதற்குள் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்தது. துணை கண் விழிப்பதற்கு முந்தின படியிலேயே போனை நிறுத்தி, ஒயரைச் சொருகினாள்.

“இப்பப் பூட்டத் தொறக்கறேன். தொறந்தா உள்ள இருக்கறது அத்தனையும் போயிரும். போட்டோ, நம்பர், பேச்சு, எல்லாமே.”

“எங்க அப்பா பேசுனது ஒண்ணு இருக்குதுங்க. சாகறதுக்கு முன்னாடி பேசுனது. அது ஒண்ண மட்டும்...”

“ஒண்ண எடுத்தாலும் அதோட ஒட்டிக்கிட்டுத் துணையும் வந்துருமுங்க.”

சஷ்டிகா மேசைமேல் இருந்த கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு, “அழிச்சிருங்க,” என்றாள்.

யுவராணி அழித்தாள். ஊமையை ஏற்றினாள். திறந்த பூட்டை மறுபடி பூட்டினாள். பூட்டாமல் விட்டால் எவனும் உள்ளே நுழைந்துகொள்ளலாம், அதனால் அந்தக் கடைசி வேலையில் மட்டும் அவளுக்கு அவசரமே கிடையாது. போன் எழுந்தது. வெள்ளைத் திரை. உள்ளே ஒரு நம்பர் இல்லை, ஒரு படம் இல்லை.

அடுத்து அவள் செய்தது தொழில்நுட்பத்தில் சேராது. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவள் வீட்டில் இல்லை. நாலு வெண்டைக்காயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். போனையும் அவளால் வெறுமையாகக் கொடுக்க முடிந்ததில்லை. கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில், சுவரில் மாட்டியிருந்த பிள்ளையாரை ஒரு படம் எடுத்து உள்ளேயே விட்டுவிடுவாள். ஊமை போட்ட போன் ஒவ்வொன்றிலும் முதல் படம் அந்தப் பிள்ளையார்தான். கண்ணாடிச் சட்டம் போட்ட பிள்ளையார். தினமும் கடை திறந்ததும் அந்தக் கண்ணாடியைப் பளபளவென்று துடைப்பாள்.

“எங்க அம்மாவுக்கு மட்டும் ஒரு தாக்கல் சொல்லோணும்,” என்றாள் சஷ்டிகா. “அம்மாவோட போனும் அவர் பேருலதானுங்க இருக்குது. தீபாவளிக்கு வாங்கிக் குடுத்தார். போன வாரம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, போன வெளிய லாக்கர்ல வெச்சுட்டு, காதுல சொன்னேன். தெரியாத நம்பர்ல இருந்து வெள்ளிக்கிழமையானா ஒரு சாமி படம் வரும். வந்தா நான் உசுரோட இருக்கறேன். வரலீன்னா இல்ல.”

தெரியாத நம்பரிலிருந்து சாமி படம் வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யுவராணிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக் கொடுத்தாள்.

“இதையே அனுப்புங்க,” என்று பிள்ளையாரைக் காட்டினாள். “ஊமைக்குள்ள எடுத்த படத்துல எடம், நேரம் எதுவும் ஒட்டாது. அனுப்பற நம்பரயும் தடவைக்கு ஒண்ணா அதே மாத்திக்கும். எங்க போறீங்கன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க. இந்தக் கடைக்கு மறுபடி வராதீங்க.”

சஷ்டிகா போனை இடது கையில் வாங்கிக்கொண்டு சந்தைத் தாண்டி வெயிலுக்குள் போனாள்.

*

மழைக்காலம் முடிந்து ஒரு மத்தியானம் அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்து நல்ல பையன் என்றுதான் யுவராணி நினைத்தாள்.

“வணக்கமுங்க்கா. என்ற பேரு தருண். சஷ்டிகா வீட்டுக்காரர்.” தன் போனை மேசைமேல் மல்லாத்தி வைத்தான். “நம்ம பேசறத இது கேக்கட்டுமுங்க. ஒண்ணும் தப்பில்லயே?”

கோயமுத்தூரில் மிரட்டலுக்கும் ‘ங்க’ உண்டு.

“மாமியார் போனுக்கு வாராவாரம் ஒரு பிள்ளையார் வருதுங்க. ஒரே பிள்ளையாரு, ஒவ்வொரு தடவயும் வேற வேற நம்பரு. துணைகிட்ட, இந்தப் படம் எங்க எடுத்ததுன்னு கேட்டேன். சட்டத்துக் கண்ணாடியில எதுத்த கடை போர்டு தெரியுதுன்னு சொல்லுச்சு. எழுத்து திரும்பி இருந்துச்சு, அதத் திருப்பிப் படிச்சுச்சு. ‘ஹபீப் ஜூஸ் அண்டு மில்க் ஷேக்’.”

யுவராணி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுவரில் பிள்ளையார், வாசலுக்கு எதிரே ஹபீப் கடை. அந்தக் கண்ணாடியை அத்தனை பளபளப்பாகத் துடைத்த கை தன்னுடையதுதான் என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

“சஷ்டிகா எங்க இருக்கறாங்க?”

“எனக்குத் தெரியாதுங்க.”

“துணை, அக்கா சொல்றது நெசமா?”

போனிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கேட்டால் சோறு போட்டு விசிறிவிடும் போலிருக்கும், அப்படி ஒரு குரல்.

“சொன்னது உண்மை. குரலில் பயம் இருக்கிறது.”

தருண் தலையாட்டினான். “செரிங்க்கா. இந்தப் பிள்ளையார வேற போன்லயும் வெச்சுக் குடுத்தீங்களா?”

பொய் சொன்னால் அது சொல்லிவிடும். நிஜத்தைச் சொன்னாலும் போச்சு. யுவராணி வாயை இறுக மூடிக்கொண்டாள். சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“பதில் வரவில்லை,” என்றது துணை. “இந்தக் கேள்விக்கு முந்தைய கேள்வியைவிட அதிகமாகப் பயப்படுகிறார்.”

“அப்ப நெறையப் பேருக்குக் குடுத்திருக்கறீங்க,” என்றான் தருண். கோபமே படவில்லை. “ஒருத்தன் கேட்டா, படத்த எங்கிருந்து அனுப்புனாங்கன்னு கம்பெனி சொல்றதில்லீங்க. ஆயிரம் குடும்பத் தலைவருங்க சேந்து கேட்டா, ஒரு படமும் அத மாதிரிப் படமும் எந்தெந்த எடத்துல இருந்து கெளம்புச்சுன்னு தேடிக் குடுக்கோணும். எங்களுக்குன்னு ஒரு குரூப்பு இருக்குது. எல்லாரும் வீட்டுல ஆளத் தொலச்சவிங்க. இந்தப் படத்தப் போட்டாப் போதும், ராத்திரிக்குள்ள ஆயிரம் பேரு ‘தேடு’ன்னு அழுத்திருவாங்க. நீங்க ஊமை போட்ட அத்தன போனும் எங்கெங்க இருக்குதுன்னு வந்துரும்.”

“என்ன பண்ணோணுங்கறீங்க?”

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அவள வரச் சொல்லுங்க. வந்துட்டா மத்தவிங்க சமாச்சாரம் எனக்கெதுக்குங்க?”

யுவராணியின் போன் கிணுங்கியது. பலகையில் இருந்த நம்பருக்கு அந்தப் படத்தையே அனுப்பியிருந்தான். “உங்க கைவேலதானுங்களே, பாத்து வெச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டு, வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

சஷ்டிகாவின் நம்பர் அவளுக்குத் தெரியாது. வேறு எவருடையதும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குக் காவல் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஓடு என்று சொல்வதற்குக்கூட வழியில்லை. கல்யாண மண்டபத்திலிருந்து பட்டுப் புடவையோடு வந்த ஒரு பெண், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே போனை நீட்டிய ஒருத்தி, அண்ணன்மாருக்குப் பயந்து வந்த ஒரு பையன், ஒவ்வொரு முகமாக வந்தது. ஒவ்வொரு போனுக்குள்ளும் தன் கையால் ஒரு அடையாளத்தை வைத்து அனுப்பியிருக்கிறாள்.

எதிர்க்கடை ஹபீப் ஒரு தம்ளர் சாத்துக்குடியோடு வந்தார். “என்ன ராணி, மூஞ்சி இப்படி இருக்கு? வந்தவன் யாரு?”

அவள் தன் போனோடு அவருடைய போனையும் பிடுங்கிக் குக்கருக்குள் போட்டு மூடினாள். அவர் மறுப்புச் சொல்லவில்லை, பழகியவர்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

“அந்தப் படத்த எல்லாரும் அழிச்சுட்டா?”

“எப்படிண்ணா சொல்றது? அதுவும் போக, போன படம் போனதுதான். எங்கிருந்து போச்சுங்கற தடம் கம்பெனிகிட்ட இருக்குது. உலகத்துல அந்தப் படம் எங்ககிட்ட வந்தவிங்க கையில மட்டும்தான் இருக்குது. அதுதான் வெனையே. எங்க அந்தப் பிள்ளையாரோ அங்க ஒரு ஊமை.”

ஹபீப் பெருமூச்சு விட்டார். “கண்டதெல்லாம் ஊர் பூரா சுத்துது. காலையில எந்திரிச்சா ஒரு ரோசாப்பூப் படம். எங்க மச்சான் அனுப்பறான், பழ மண்டிக்காரன் அனுப்பறான், பள்ளிவாசல் குரூப்புல வருது. எவன் மொதல்ல அனுப்புனான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். இந்தப் பிள்ளையார் மட்டும் போயி இப்படி மாட்டிக்கிட்டாரே.”

யுவராணி அவரையே பார்த்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அண்ணா, நீங்க எத்தன குரூப்புல இருக்கறீங்க?”

தருண் அனுப்பிய படத்தையே எடுத்தார்கள். கீழே என்ன எழுதுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான வாசகம்தான்: ‘இந்த விநாயகரைப் பதினோரு பேருக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல சேதி வரும். தயவுசெய்து அழிக்காதீர்கள்.’

“நான் அனுப்புனா நம்புவாங்களா?” என்றார் ஹபீப்.

“நீங்க அனுப்புனாத்தாண்ணா நம்புவாங்க.”

பழ மண்டி குரூப்புக்கு முதலில் போனது. அடுத்து வியாபாரிகள் சங்கம். யுவராணி பள்ளிக்கூடத்துப் பழைய தோழிகளுக்கும், டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டு போன வாடிக்கையாளர்களுக்கும், கோயில் கமிட்டிக்கும் அனுப்பினாள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் பல்லடத்திலிருக்கும் அவள் அக்காவிடமிருந்து அதே பிள்ளையார் திரும்பி வந்தார். அக்காவுக்கு அவள் அனுப்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் துபாயிலிருந்து ஒன்று, கேஸ் ஏஜென்ஸியிலிருந்து ஒன்று, பேங்க்கில் கடன் தருகிறேன் என்று நச்சரிக்கிற பெண்ணிடமிருந்து ஒன்று. யாரோ சுற்றிலும் மல்லிகைப் பூ ஒட்டியிருந்தார்கள். யாரோ கண்ணைச் சிமிட்ட வைத்திருந்தார்கள்.

ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இது போதுமா என்று யாரைக் கேட்பது?

மறுநாள் மத்தியானம் தருண் வந்தான். கடைக்குள் வரவில்லை. ஹபீப் கடை வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். யுவராணி ஒரு பழைய போனைத் திருகிக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள், தலையைத் தூக்கவில்லை. கடைசியில் அவன் போய்விட்டான். ஹபீப்தான் வந்து சொன்னார்.

“ஆயிரம் பேரு அழுத்திட்டாங்களாம். ஆனா அது என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘இந்தப் படம் முப்பது லட்சத்துக்கும் அதிகமான இடங்களிலிருந்து கிளம்பியிருக்கிறது, பட்டியல் வேண்டுமா’ன்னு கேட்டுச்சு. என் கையால ஜூஸக் கொடுத்திருந்தாலும் குடிச்சிருக்க மாட்டான், மூஞ்சி அப்படி ஆயிப்போச்சு.”

அன்றைக்குத்தான் யுவராணி அந்தப் பெண்களையெல்லாம் நினைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி எடுத்தாள்.

*

பிள்ளையார் நிற்கவில்லை. மல்லிகைப் பூவும் கண் சிமிட்டலும் உதிர்ந்து மறுபடி பழைய படமாகவே சுற்றினார். படத்தில் தெரிந்த கடைப் பெயரை யாரோ படித்துவிட்டார்கள். அருகம்புல்லோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டிஸ்ப்ளே மாற்ற வந்தவர்களைவிடத் தேங்காய் உடைக்க வந்தவர்கள் அதிகம். ஹபீப்புக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

அந்தக் கூட்டம் கலைந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு அம்மா வந்தாள். கைத்தறிச் சேலை, கையில் ஒயர் கூடை. பிள்ளையாரை நிமிர்ந்து பார்த்தாள், கும்பிடவில்லை. போனை மேசைமேல் வைத்தாள்.

“எடமில்லைன்னு காட்டிட்டே இருக்குதுங்க. பெரிய மெமரியாப் போட்டுக் குடுக்க முடியுமுங்களா? மாப்பிள்ள தீபாவளிக்கு வாங்கிக் குடுத்த போனு.”

யுவராணி படங்களைத் திறந்தாள். பிள்ளையார். மறுபடி பிள்ளையார். தள்ளத் தள்ள அதே பிள்ளையார், நூற்றுக்கணக்கில். அடி வரைக்கும் தள்ளிப் போனபோது கூட்டம் குறைந்து, வாரத்துக்கு ஒன்றே ஒன்று என்று நின்றது. எல்லாம் வெள்ளிக்கிழமைகள்.

யுவராணி தள்ளுவதை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். சஷ்டிகாவின் அதே நெற்றி, அதே கண். போனை எடுத்துக் குக்கருக்குள் போடப் போனாள். அந்த அம்மா வேகமாகத் தலையாட்டி வேண்டாமென்றாள். அலை அறுந்தால் மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும். போன் இருவருக்கும் நடுவில் விழித்துக்கொண்டு கிடந்தது.

கேட்டுக்கொண்டிருக்கிற அந்தக் காதுக்காக யுவராணி சாதாரணமாகப் பேச வேண்டியிருந்தது. “எல்லாம் ஒரே படந்தானுங்கம்மா. ஒண்ண வெச்சுட்டு மிச்சத்த அழிச்சாலே எடம் கெடச்சிருமே.”

“எத வெச்சுக்கறதுங்க?” என்றாள் அந்த அம்மா. “முன்னெல்லாம் ஒண்ணு வரும். அதப் பாத்துட்டுத்தான் அன்னிக்கு அடுப்பே பத்த வெப்பேன். இப்ப வெடிஞ்சா நூறு வருது. எல்லாம் ஆரோ, எவரோ. எது எதுன்னு தெரியலீங்க. அழிச்சுப்போட்டு, அதுல ஒண்ணு...” நிறுத்திக்கொண்டாள். “நல்ல சேதி வரும்னு போட்டிருந்துதுங்களே.”

அந்த வரியை எழுதியது இந்தக் கைதான். மகளை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒளித்து வைத்தாயிற்று. பெற்றவளாலும் கண்டுபிடிக்க முடியாதபடி. சஷ்டிகா எங்கோ உட்கார்ந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் அந்தப் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கலாம். அனுப்பாமலும் போயிருக்கலாம். இரண்டுக்கும் இனி ஒரு வித்தியாசமும் தெரியப்போவதில்லை. சொல்ல யுவராணியிடம் நிறைய இருந்தது. மன்னிப்புக் கேட்கவாவது வேண்டும் போலிருந்தது. துணை கேட்டுக்கொண்டிருந்தது.

இருப்பதிலேயே பெரிய மெமரியாகத் தேடி எடுத்துப் போட்டாள். படங்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறி முடிகிற வரை அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, நகர்கிற பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹபீப் கொண்டுவந்த ஜூஸைத் தொடவில்லை.

“எல்லாம் இருக்குதுங்களா?”

“எல்லாமே இருக்குதுங்கம்மா. ஒண்ணுகூட விடல.”

அந்த அம்மா போனைக் கூடைக்குள் வைத்தாள். படியிறங்கும்போது அது கிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். தெரியாத நம்பர். பிள்ளையார். வெயிலில் திரை தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு, ஏதாவது ஓர் அடையாளம் கிடைக்குமா என்று வெகு நேரம் உற்றுப் பார்த்தாள்.

“இந்தப் படம் உங்களிடம் ஏற்கெனவே பலமுறை இருக்கிறது,” என்றது துணை, அந்த அன்பான குரலில். “எல்லாம் ஒன்றேதான். அழித்துவிடவா?”

“வேண்டாஞ் சாமி,” என்றாள் அந்த அம்மா. “இருக்கட்டும்.”